மைக்கின் வாய்க்கு வந்த வெளிச்சம்

என் தம்பி பெண்டாட்டி பேசவில்லை என்று நான் போனில் சொன்னபோது, சொந்தக்காரர்களில் பாதிப் பேர் நான் வழக்கம்போல் கயிறு திரிக்கிறேன் என்று சிரித்தார்கள். மீதிப் பேர், "யாரோட சண்டை?" என்று ஆவலாகக் கேட்டார்கள். சண்டையில்லை, வாயெல்லாம் புண், எச்சில்கூட விழுங்க முடியவில்லை என்று விளக்கியதும் இரண்டு கட்சியும் ஒன்றாகிவிட்டது. "மைக்கா? நம்ம மைக்கா பேசல?" அதோடு அவர்களுக்கும் பேச்சு நின்றுபோனது.

மைக்கு என்பது அவளுக்கு ஊர் வைத்த பெயர். பெரிய பஸ் நிலையத்தில் அறிவிப்பு செய்கிறவள். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை கேட்பாரற்றுக் கிடக்கிறது, யாருடைய பிள்ளை அழுதுகொண்டு நிற்கிறது, எல்லாம் அவள் வாயிலிருந்துதான் ஊருக்குத் தெரியும். முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் காய்கறிக் கடையில் அவள் "அரைக் கிலோ போடுங்க" என்று சொன்னால் போதும், பக்கத்தில் நிற்கிறவர்கள் தங்களை அறியாமல் பெட்டியைக் கையில் தூக்கிக்கொள்வார்கள்.

அவள் வேலை பார்த்த அறை, மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் வெளியே போய் மூச்சு விட்டுவிட்டு வர வேண்டிய அறை. ஒரு மேஜை, கண்ணாடி ஜன்னல், கைக்குட்டை சுற்றிய மைக்கு, ஒரு மின்விசிறி. அறிவிப்புக்கு முன்னால் விசிறியை நிறுத்துவாள். ஒரு வாய் வெந்நீர் குடிப்பாள். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நிற்பாள். "உக்காந்து சொன்னா ழகரம் வயித்துலயே மாட்டிக்கும்" என்பாள். ல, ள, ழ மூன்றும் அவளுக்கு மூன்று பிள்ளைகள் மாதிரி. ஒன்றை இன்னொன்றின் பெயரால் கூப்பிட்டால் பொறுக்க மாட்டாள். அவள் "கிழக்கு வாயில் வழியாக" என்று சொல்லும்போது கூரையிலிருந்த புறாக்கள் எழுந்து கிழக்குப் பக்கம் போய் உட்காருவதை நானே பார்த்திருக்கிறேன். நம்பாதவர்கள் புறாக்களைக் கேட்டுக்கொள்ளட்டும்.

அங்கே அவள் சேர்ந்தது விசாரணை ஜன்னலில் பதில் சொல்ல. அப்போதிருந்த அறிவிப்பாளர் பாதி வார்த்தையை விழுங்கிவிடுவார். அவர் விழுங்கிய ஊர்களுக்குப் போக வேண்டியவர்கள் வேறு எங்கேயோ போய் இறங்கி முழித்தார்கள். அவருக்கு ஜலதோஷம் பிடித்த ஒரு நாள் இவளை மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள். அன்றைக்கு ஒருத்தரும் தப்பான வண்டி ஏறவில்லை. அப்புறம் அவளை உட்காரவே விடவில்லை.

என் தம்பி, அந்த நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் பணிமனையில் சக்கரம் கழற்றி மாட்டுகிறவன். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். என் வகுப்பில் உட்கார்ந்த நாக்கெல்லாம் வளைந்தது, வீட்டிலிருந்த இந்த ஒரு நாக்கு மட்டும் கட்டை மாதிரி கிடந்தது. எல்லாமே அவனுக்கு 'ல'தான். அவள் விசாரணை ஜன்னலில் இருந்தபோது ஒரு நாள் கையெல்லாம் கிரீசோடு போய், "பல்லிக்கூடத்துக்குப் போற பஸ் எப்ப வரும்?" என்று கேட்டிருக்கிறான்.

"பல்லிக்கெல்லாம் பஸ் விடறதில்லீங்க."

"பல்லி இல்லீங்க. பல்லி!"

பின்னால் வரிசை வாசல்வரை நீண்டுவிட்டது. அவள் விடவில்லை. நாக்கை மடித்துக் காட்டி, "ள்ளி, ள்ளி" என்று பாடம் நடத்தினாள். மறுநாள் அவன் வேறொரு தப்போடு வந்தான். அதற்கு மறுநாள் இன்னொன்று. தப்புத் தீர்வதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகும் தீரவில்லை. மழைக்காலத்தில் அவன் "வெல்லம் வந்துருச்சு!" என்று வாசலிலிருந்து கத்தினால், "டப்பா எடுக்கணுமா, வாளி எடுக்கணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவள் நகருவாள்.

இப்படிப்பட்டவளுக்கு மார்பில் கட்டி என்றார்கள். அறுத்து எடுத்தார்கள். மிச்சம் மீதி எங்கேயும் தங்கிவிடக் கூடாது என்று டிரிப்பில் மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். முடி கொட்டியது. "மைக்குக்கு எதுக்கு முடி?" என்று அவளே சிரித்தாள். இரண்டாவது டிரிப் ஏறிய பிறகு நாக்கில் எரிச்சல். எப்படி இருக்கிறது என்று கேட்டால், "லைட்டா எரியுது அண்ணி" என்றாள். மறுநாளும் லைட்டா. அதற்கும் மறுநாள், டாக்டர் போகவே கூடாது என்று சொல்லியிருந்த வேலைக்குப் போய் நின்றுவிட்டாள்.

திட்டி வீட்டுக்கு அழைத்துவரலாம் என்று நானும் பின்னாலேயே போனேன். என்னைப் பார்த்ததும் ஒரு விரலைக் காட்டினாள், ஒரே ஓர் அறிவிப்பு என்ற அர்த்தத்தில். விசிறியை நிறுத்தினாள். வெந்நீரைத் தொடவில்லை. அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். எழுந்து நின்று, "பயணிகள் கவனிக்கவும்" என்றாள். அடுத்தது "ஏழாவது நடைமேடை." ழகரத்துக்கு நாக்கு மேலே வளைய வேண்டும் அல்லவா? வளைந்தது. ஒலிபெருக்கியில் வந்தது எழுத்து இல்லை. மிதிபட்ட நாய்க்குட்டியின் சத்தம்.

நிலையமே அப்படியே நின்றது. ஓட்டுநர்கள் தலையை வெளியே நீட்டினார்கள். பெட்டியோடு ஓடிக்கொண்டிருந்தவர்கள் தூக்கிய கால் தூக்கியபடியே மேலே பார்த்தார்கள். மைக்கு அணையவில்லை. அவள் மூச்சு மட்டும் அத்தனை ஒலிபெருக்கியிலும் கேட்டுக்கொண்டே இருந்தது. நான்தான் எட்டி அதை நிறுத்தினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தபோது நானும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. உள் உதட்டில் தோலே இல்லை. கன்னத்தின் உட்புறம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. நாக்கின் ஓரம் வெந்துபோன மாதிரி. இந்த வாயை வைத்துக்கொண்டா லைட்டா எரிகிறது என்றாள்? நோயாளி உட்கார வேண்டிய நாற்காலியில் நான் உட்கார்ந்துவிட்டேன்.

"டிரிப் மருந்து பண்ற வேலைங்க இது" என்றார் டாக்டரம்மா. "அது கட்டிய மட்டும் பாக்காது, வாய்த் தோலையும் சேத்துப் பதம் பாத்துடும். கொப்பளிக்க மருந்து தரேன், வலிக்கும் தரேன். ஆனா இவங்க வாய் வழியா சாப்பிட்டாகணும். இந்த வாரத்துக்குள்ள இறங்கலேன்னா மூக்கு வழியா குழாய்தான். உடம்பு தேறலேன்னா அடுத்த டிரிப்பு தள்ளிப்போகும். அதத் தள்ளிப்போடறதுல எனக்கு இஷ்டமில்ல. இன்னொரு சிகிச்சை இருக்கு, நேரம் கேட்டுட்டு உங்களுக்குப் போன் பண்ணச் சொல்றேன்."

மருந்து பாதி வலியைத்தான் தொட்டது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, வாயில் ஊறுவதை விழுங்காமல் துண்டில் ஒற்றிக்கொண்டே இருந்தாள். அந்த வீட்டில் கடிகாரம் ஓடுகிற சத்தத்தை நான் முதல்முறையாகக் கேட்டேன். அங்கே கடிகாரம் இருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும்.

போன் வந்தது என் தம்பிக்கு. பேசி முடித்து ஓடி வந்தான்.

"அக்கா, நாலைக்கே வரச் சொல்றாங்க. ஒலி சிகிச்சையாம். வாய்க்குள்லயே குடுப்பாங்கலாம்."

"டேய், உன் வாய நம்பி நான் ஒரு அடி எடுத்து வெக்க மாட்டேன். ஒலியா, ஒளியா? சத்தமா, வெளிச்சமா?"

"சத்தம்தான்க்கா. அந்தப் பொண்ணு 'லி'ன்னுதான் சொன்னா. நல்லா கேட்டேன்."

"உனக்கு எப்பலேர்ந்துடா அந்த வித்தியாசம் தெரியுது?"

"நாக்குதானே மக்கு? காதுமா மக்கு?" என்று காதைப் பிடித்து இழுத்துக் காட்டினான்.

நான் யோசித்தேன். வயிற்றை ஸ்கேன் செய்வதும் ஒலிதானே. படித்த திமிர் சும்மா இருக்குமா? "இருக்கும்டா, ஒலி அலைய வெச்சு சிறுநீரகத்துல இருக்கற கல்லயே தூள் பண்றாங்களே" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். கட்டிலில் அசைவு. அவள் செல்போனை எடுத்து, பெரிய எழுத்தில் தட்டி எங்கள் பக்கம் நீட்டினாள்: "கல் உடைக்கிறது என் வாய்க்குள்ளேயா? வர மாட்டேன்."

நான் கெஞ்சினேன். அவன் கெஞ்சினான். குழாயைச் சொல்லிப் பயமுறுத்தினோம். அவள் மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பியபோது கையில் உள்ளங்கை அளவு ஒரு ஸ்பீக்கர்.

"சத்தம்னு ஆயிருச்சு" என்றான் அவள் முதுகைப் பார்த்து. "அது ஏன் எவனோ சத்தமா இருக்கணும்? இத வெச்சுக் குடுங்கன்னு நான் கேக்கறேன்." பொத்தானை அமுக்கினான்.

பஸ் உறுமல், ஹாரன், யாரோ இருமல். அதற்கு மேலே அவள் குரல். அவள் வராத நாட்களில் போடுவதற்காக நிலையத்தில் பதிந்து வைத்திருந்த அறிவிப்பு. இவன் ஒலிபெருக்கிக்கு நேர் கீழே நின்று அதைச் செல்போனில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான். "ஏழாவது நடைமேடையிலிருந்து கிழக்கு வாயில் வழியாக…" ழகரம் இரண்டும் நெய் தடவின மாதிரி வழுக்கிக்கொண்டு போயின. அவள் திரும்பினாள். துண்டை அவன் முகத்தில் எறியப் போகிறாள் என்று நினைத்தேன். எழுந்து உட்கார்ந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, கண்ணீர் கொட்டக் கொட்டக் கடைசிவரை கேட்டாள். காலையில் நான் போய்ப் பார்க்கும்போது செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.

ஆஸ்பத்திரியின் கடைசி அறை அது. பல் டாக்டர் வீட்டில் இருப்பதுபோல் சாய்கிற நாற்காலி, சக்கரம் வைத்த மேஜை, அதன்மேல் வயர் வைத்த பேனா மாதிரி ஒன்று. அங்கே வேலை பார்க்கிற பெண்மணி கையுறை மாட்டிக்கொண்டு திரும்பினார். அதற்குள் என் தம்பி ஸ்பீக்கரை மேஜையில் வைத்து அமுக்கிவிட்டான். "பயணிகள் கவனிக்கவும்!" வெளியே காத்திருந்த இரண்டு பேர் பெட்டியைத் தேடிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

"என்ன சார் இது?"

"ஒலிக்குங்க. சத்தம் நாங்கலே கொண்டு வந்துட்டோம்."

அந்தப் பெண்மணி அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார். "சார், இது லைட்டு."

"லைட்டா?"

"லைட்டாவும் இல்ல, பலமாவும் இல்ல. லைட்டு. வெளக்கு. சிவப்பு வெளிச்சம். இதுல சத்தம் எங்க இருக்கு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன் செய்த பெண்ணைக் கூப்பிட்டார்கள். முன் மேஜையில் உட்காருகிற சின்னப் பெண். வந்து, "நான் சரியாத்தான் மேடம் சொன்னேன். ஒலி சிகிச்சைன்னு" என்றாள்.

"ஒளி" என்றேன் நான்.

"அதான் மேடம், ஒலி."

"ளி."

"லி. அதத்தானே நானும் சொல்றேன்?"

என் தம்பி நெஞ்சை நிமிர்த்தினான். "பாத்தியாக்கா! நான் கேட்டது கரெக்டு!" ஆயுசில் ஒரு தடவை அவன் பக்கம் நியாயம். ஆனால் நான் பார்த்தது அவனை இல்லை. நாற்காலியில் சாய்ந்திருந்தவளை. இப்படி ஒரு லகரத்தை அவள் காதுபட யாரும் சொல்லித் தப்பித்ததே கிடையாது. கண் பிதுங்க, கழுத்து நரம்பு புடைக்க, சொல்லிவிட வேண்டும் என்று நாக்கைத் தூக்கினாள். வலி அடித்த அடியில் அப்படியே சுருண்டுகொண்டாள். அந்தச் சின்னப் பெண் பயந்து அழுதுவிட்டாள். ஏன் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

பெண்மணி பக்கத்தில் குனிந்து, "கல்லு உடைக்கறது, ஊசி, எதுவும் இல்லம்மா" என்றார். "சுடாது. உதறாது. இது கட்டிக்கு மருந்து இல்ல, புண்ணு வலிக்கு. எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்கும்னும் நான் சொல்ல மாட்டேன். தொறக்க முடியலேன்னா வெளிக் கன்னத்துலேர்ந்து ஆரம்பிக்கறேன். போதும்னா கையத் தூக்குங்க."

எங்கள் எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார். கொள்ளையடிக்கப் போகிற கூட்டம் மாதிரி உட்கார்ந்திருந்தோம். பேனாவின் நுனியில் மெல்லிய பிளாஸ்டிக் உறை. பொத்தானை அமுக்கியதும் குங்கும அளவில் ஒரு சிவப்புப் புள்ளி. கன்னத்தில் ஓர் இடத்தில் வைத்து அசையாமல் பிடித்தார், 'பீப்' என்றதும் ஒரு விரல் தள்ளி வைத்தார். மறுபடி பீப். இவ்வளவுதானா? டார்ச்சைக் கையால் மூடி விளையாடுகிற குழந்தைகள் பார்க்கிற சிவப்பு. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்? கன்னம் முடிந்து உதடு வந்தது. நாணயம் நுழைகிற அளவுக்கு வாயைத் திறந்தாள். அந்த இடுக்கு வழியாக அந்த வெளிச்சம் உள்ளே போனது. கை தூக்கவில்லை.

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்து மறுபடி சுவர், மறுபடி துண்டு. இரண்டாவது தடவை நாற்காலியிலிருந்து எழும்போது கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். காணாமல்போன பொருளைத் தேடுகிறவள் மாதிரி அழுத்தியும் பார்த்தாள். "குறைஞ்சுதா?" என்று கேட்டேன். தெரியவில்லை என்று கையை ஆட்டினாள். ஆனால் அன்று மாலை துண்டு ஈரமில்லாமல் கட்டிலடியில் கிடந்தது. மூன்றாவது தடவை அவள் வாயை அகலமாகவே திறந்தபோது பெண்மணி, "அட" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தார்.

மறுநாள் காலை, ஆறின பால். என் தம்பி டம்ளரை நீட்டிக்கொண்டு நிற்கிறான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மூக்குக் குழாய் போடுவதற்கு டாக்டரம்மா சொன்ன கெடு நெருங்கிவிட்டது. ஒரு வாய் எடுத்தாள். வைத்துக்கொண்டே இருந்தாள். தொண்டை ஏறி இறங்கியது. முகத்தைச் சுளித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது இரண்டாவது வாய் குடித்துக்கொண்டிருந்தாள். டம்ளர் காலி.

அவன் பாய்ந்து போனை எடுத்தான். "டாக்டரம்மா! இறங்கிருச்சு! முழு டம்லர்! ஒலி சிகிச்சை கேட்டுருச்சும்மா!" அந்தப் பக்கம் டாக்டரம்மா சிரித்தது எனக்கே கேட்டது. இப்படியே சாப்பிட்டால் குழாய் வேண்டாம், டிரிப் குறித்த நாளிலேயே ஏற்றலாம் என்றார்.

"ளி."

நானும் அவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஓட்டைப் பாத்திரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஒரு குரல். கட்டிலிலிருந்துதான்.

"என்னம்மா?" என்றான் அவன், போனைக் கையில் வைத்துக்கொண்டே.

"ஒளி. நாக்க… மடிங்க."

"ஒலி."

"ளி!"

"அதான், லி."

"ளி! ளி!"

"டேய், பாவி! புண்ணு வாய்டா, அவளப் பேச வெக்காத!" என்று நான் கத்தினேன். அவன் கண்ணெல்லாம் வழிய, டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவிட்டான். அழட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டேன். பிறகு சமாதானம் சொல்லலாம் என்று பின்னாலேயே போனேன்.

குழாயைத் திறந்துவிட்டு, எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தான். டம்ளரைத் தேய்த்துக்கொண்டே தனக்குத்தானே முணுமுணுத்தான். "ஒளி… ஒளி… பள்ளிக்கூடம்… வெள்ளம்… ஏழாவது நடைமேடை…"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒவ்வோர் எழுத்தும் உருட்டி வைத்த மணி மாதிரி. என் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்தவர்களுக்குக்கூட அந்த ழகரம் வந்ததில்லை. அந்தப் பெண் போனில் சொன்ன 'லி'யை அவ்வளவு கூர்மையாகப் பிடித்தானே, அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டாமா? இத்தனை வருஷமும் ளகரத்தை ஒளித்து வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தியிருக்கிறான்!

திரும்பினான். என்னைப் பார்த்ததும் டம்ளர் தொட்டியில் விழுந்தது.

"எப்பலேர்ந்துடா?" என்றேன்.

"அந்த ஜன்னல்ல ரெண்டாவது நாளே வந்துருச்சுக்கா" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "சரியா சொன்னா, சரின்னு அனுப்பிச்சுடுவாளே. அவகிட்ட சொல்லிடாதக்கா."

உள்ளேயிருந்து அந்தச் சுரண்டல் குரல், கொஞ்சம் பலமாகவே வந்தது. "அங்க… என்ன பேச்சு?"

அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். என்னைக் கும்பிட்டான். பிறகு வீடு அதிரக் கத்தினான். "ஒண்ணும் இல்லம்மா! டம்லர் கலுவறேன்!"

"கழு… கழுவறேன்!"